சிவப்பு எரிந்தால் என்னைக் கேட்காதீர்கள்

எங்கள் டிராவல்ஸில் புதிதாக வேலைக்குச் சேரும் டிரைவரிடம் சம்பளம், பேட்டா பேசுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவேன். ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் ஆயில் விளக்கோ ஹீட் விளக்கோ பிரேக் விளக்கோ சிவப்பாக எரிந்தால், எனக்கு போன் போட்டு அனுமதி கேட்கக் கூடாது. ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு அப்புறம் போன் போட்டால் போதும். பின்சீட்டில் யார் இருந்தாலும் சரி, எந்த ரயிலைப் பிடிக்கப் போனாலும் சரி.

வேலூர் வாடகைக் கார்களின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இந்த விதி ஏன் என்று புரியும். 1900ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தேடி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் இன்னமும் ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறவர்களை லாட்ஜில் விட வேண்டும். பெங்களூரு, சென்னை ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்ற வேண்டும். நடுவில் ஸ்ரீபுரம், திருப்பதி, ஏலகிரி என்று டிரிப் வரும். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுகிறவர் ஒருவர், ஓனர் வேறொருவர், அவசரத்தில் இருப்பவர் மூன்றாமவர். வண்டியில் ஏதோ சரியில்லை என்று முதலில் பார்ப்பவர் ஓட்டுகிறவர். ஆனால் நிறுத்தும் தைரியம் அவருக்குத்தான் ரொம்பக் குறைவு. நிறுத்தினால் பார்ட்டி கோபித்துக்கொள்வார்கள், ஓனர் திட்டுவார், அன்றைய பேட்டா போய்விடும். 'இன்னும் இருபது கிலோமீட்டர்தானே, ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டிவிடுகிறார்கள். அந்த இருபது கிலோமீட்டரில்தான் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து மெக்கானிக் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதே கதையைத்தான் சொல்வார்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அங்கே ஓனரும் டிரைவரும் ஒரே ஆள் என்பதுதான் வித்தியாசம். அதனால் எங்கள் டிரைவர்களுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிறம். எந்த கம்பெனி கார் வாங்கினாலும் எண்ணெய்க் குவளை, தெர்மாமீட்டர், பேட்டரிப் பெட்டி என்று படங்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் ஐ.எஸ்.ஓ. 2575 என்ற உலகத் தரவிதி. சிவப்பு என்றால் ஆபத்து, உடனே கவனி. மஞ்சள் என்றால் ஏதோ கோளாறு இருக்கிறது, தள்ளிப்போடாமல் காட்டு. பச்சையும் நீலமும் ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற தகவல் மட்டும். ஹெட்லைட் டிம்மில் இருக்கிறதா பிரைட்டில் இருக்கிறதா என்பது மாதிரி. ஹேண்ட் பிரேக், கதவு, சீட் பெல்ட் விளக்குகளும் சிவப்புதான். அவற்றை உட்கார்ந்த இடத்திலேயே சரி செய்துவிடலாம். இதுவரை பார்த்திராத படம் எரிந்தால் கிளவ் பாக்ஸில் கிடக்கும் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நிறைய வண்டிகளில் அந்தப் புத்தகம் வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் கிடக்கிறது.

இன்னொரு பழக்கம். சாவியைத் திருப்பியதும் உடனே செல்ஃப் அடிக்காமல், மூச்சு விடும் நேரம் நிதானித்து மீட்டரைப் பாருங்கள். விளக்குகள் மொத்தமாக எரியும். வண்டி தன் விளக்குகளைத் தானே சோதித்துக்கொள்கிற நேரம் அது. ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். அணையாமல் நிற்பதை எல்லோரும் கவனிப்பார்கள். எரியவே எரியாத விளக்கை யாரும் கவனிப்பதில்லை. சாவி போட்டதும் ஆயில் விளக்கு எரியவில்லை என்றால், வழியில் ஆயில் பிரஷர் இறங்கினாலும் அது எரியாது. புது டிரைவரை வண்டியில் உட்காரவைத்து இதைத்தான் முதல் வேலையாகச் செய்யச் சொல்வேன். "எது எது எரிஞ்சுது, எது எது அணைஞ்சுது, சொல்லு தம்பி" என்று கேட்பேன். இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

இனி ஆயில் விளக்கு. மூக்கில் ஒரு சொட்டு தொங்கும் எண்ணெய்க் குவளைப் படம். ஆயில் குறைந்திருக்கிறது, போகிற வழியில் ஒரு லிட்டர் ஊற்றிக்கொள்ளலாம் என்றுதான் பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் அழுத்தத்தோடு ஓடும் ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. அந்த அழுத்தம் சாதாரண ஓட்டத்தில், 'பார்' என்ற அழுத்த அலகில் சொன்னால், சில பார் அளவு இருக்கும். விளக்கை எரியவைக்கும் சுவிட்சோ, பெரும்பாலும் அரை பாருக்கும் கீழே இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். ஆகவே விளக்கு எரியும்போது கஷ்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. இரும்பும் இரும்பும் உரச ஆரம்பிக்கும் கட்டம் அது. நெடுஞ்சாலை வேகத்தில் சில நிமிடங்கள் போதும், பேரிங் உருகி இன்ஜின் சீஸ் ஆகிவிடும். அப்புறம் ஆகும் செலவைக் கேட்டால், பழைய வண்டியாக இருந்தால் விற்றுவிடலாமா என்று தோன்றும்.

செய்ய வேண்டியது: சமமான இடத்தில் நிறுத்தி, அணைத்துவிட்டு, ஆயில் கீழே இறங்க ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். டிப் ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால், வண்டிக்கு அடியில் ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்து ரோடுகளில், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமெல்லாம், போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பீட் பிரேக்கர் புதிதாக முளைத்திருக்கும். ஆயில் சேம்பர் அடிபட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளி விளக்கு எரிந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஒழுகல் இல்லாமல் வெறுமனே குறைந்திருந்தால் சரியான கிரேடு ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறது என்றால் டோ வண்டிதான். அங்கே பேச்சே கிடையாது. ஆயில் பம்ப் போயிருக்கலாம், வெறும் சுவிட்ச்சே கெட்டிருக்கலாம். ரோட்டோரத்தில் நின்று எது என்று யாராலும் சொல்ல முடியாது. 'சுவிட்சாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கையில் ஓட்டக் கூடாது.

நல்ல வெயிலில் வெகுதூரம் ஓடிவிட்டு, சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆயில் விளக்கு மினுக்கும் வண்டிகள் உண்டு. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அணைந்துவிடும். அதைப் பார்த்துச் சும்மா இருக்க வேண்டாம். ஆயில் பழசாகித் தண்ணீராக இளகியிருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வாரத்திலேயே காட்டுங்கள்.

அடுத்தது எங்கள் ஊர் விளக்கு என்றே நான் நினைக்கும் விளக்கு, தண்ணீரில் நிற்கும் தெர்மாமீட்டர். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே இல்லை. கோட்டை மலை, பாலமதிப் பக்கத்துப் பாறைகள் எல்லாம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பித் தரும். அந்த வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு ரேடியேட்டர்தான் உயிர். இன்ஜின் ஓடும்போது, அதைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடு சுமார் 90 டிகிரியில் இருக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே கூடுதலாக ஒரு பார் அளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியைச் சூட்டோடு திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் பீறிடும். ரோட்டோரத்தில் நடக்கும் தீக்காயங்களுக்கு இதுதான் காரணம். ஆறுகிற வரைக்கும் திறக்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம், எங்கள் ஊர் வெயிலில் அதற்கும் மேலே.

மே மாதத்து மத்தியானம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு வயதான அம்மாவையும் அவர் மகனையும் ஏற்றிக்கொண்டு எங்கள் மூத்த டிரைவர் அண்ணா வந்துகொண்டிருந்தார். மதியம் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். போன் வந்தது.

"அக்கா, ஹீட் ஏறிக்கினே வந்து சிவப்பு வந்துட்ச்சு. மாதனூர் தாண்டி ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். அம்மாவ எறக்கி வேப்ப மரத்து நெழல்ல குந்த வெச்சிருக்கேன். வேற வண்டி அனுப்பு."

என்னைவிட வயதில் பெரியவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் அனுமதி கேட்கவில்லை, செய்தி சொன்னார். பின்னால் மகன் போனை வாங்கி, "மேடம், இன்னும் முப்பது நாப்பது கிலோமீட்டர்தானே, மெதுவா ஓட்டினா போயிடலாமே" என்றார். அம்மாவை வெயிலில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? வண்டி வழியில் மொத்தமாக நின்றால் நிழல்கூட இல்லாத இடத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். சத்துவாச்சாரியிலிருந்து இன்னொரு வண்டி உடனே கிளம்பியது. ஆஸ்பத்திரிக்கும் தகவல் சொன்னார்கள், டோக்கனைத் தள்ளி வைத்துப் பார்த்தார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்த பிறகு பானெட்டைத் திறந்து நானும் பார்த்தேன். ரேடியேட்டருக்கு அடிப்பக்கம் வரும் ஹோஸ் பைப், கிளிப் இறுக்கும் இடத்தில் கட்டை விரல் நக நீளத்துக்கு வெடித்திருந்தது. வெடிப்பைச் சுற்றிக் காய்ந்த கூலன்ட் வெளிர் பச்சையில் உப்புப் பூத்தது மாதிரி ஒட்டியிருந்தது. அப்படிப் பூத்திருந்தால் அந்தக் கசிவு அன்றைக்கு வந்ததில்லை, பல நாளாகச் சொட்டிக் காய்ந்தது என்று அர்த்தம். ஹோஸும் கிளிப்பும் மாற்றி, கூலன்ட் நிரப்பி, அந்த வண்டி மறுநாள் டிரிப் போனது. அண்ணா ஓட்டிக்கொண்டே வந்திருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கட் போய், வண்டி மாதக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்திருக்கும். அன்றைக்கு அவருக்கு முழு பேட்டாவும் கொடுத்தோம். இது சலுகை இல்லை, எங்கள் டிராவல்ஸில் விதி. விளக்கைப் பார்த்து நிறுத்தியவரின் பேட்டாவில் கை வைத்தால், அடுத்த முறை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

இதில் எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது: தண்ணீர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பதை 1996ல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்தது. அது ஒரு பக்கம். பொதுவாகவே எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். கூலன்ட் குறைந்தால் பெட்ரோல் பங்க் குழாயில் பிடித்து ஊற்றிவிட்டுப் போகிற பழக்கம் இங்கே ரொம்ப நாளாக இருக்கிறது. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். அடுத்த கோடையில் காரணமே தெரியாமல் ஹீட் ஏறும். அவசரத்துக்கு வேறு வழியில்லை என்றால் குடிக்கிற தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேருங்கள், தப்பில்லை. வந்ததும் மொத்தமும் வடித்துவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கம்பெனி சொன்ன அளவில் கலந்து நிரப்புங்கள். டிக்கியில் இரண்டு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேன் எப்போதும் இருக்கட்டும்.

ஹீட் மீட்டர் முள் ஏறுகிறது, சிவப்பு இன்னும் வரவில்லை என்றால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். வெயிலில் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் காரின் உள்ளே இறங்கும், நிறுத்த நல்ல இடம் தேடும் அவகாசம் கிடைக்கும். ஹீட்டரிலிருந்து சூடான காற்றுக்குப் பதில் சில்லென்று வந்தால் கூலன்ட் மொத்தமும் ஒழுகிப் போயிருக்கலாம். அப்படி ஒழுகிவிட்டால் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கியதுபோலக்கூடக் காட்டும். அதை நம்பி ஓட்டிவிடாதீர்கள். சில சின்ன கார்களில் முள்ளே கிடையாது. காலையில் நீல தெர்மாமீட்டர் எரிந்து, சூடானதும் அணையும். அப்புறம் நேராகச் சிவப்புதான். அந்த வண்டிகளில் முன்னறிவிப்பு கிடையாது என்பதால் கூலன்ட் ரிசர்வ் டேங்க்கை வாரத்துக்கு ஒரு முறை கண்ணால் பார்ப்பது அவசியம்.

பேட்டரி விளக்கு நான் முதலில் சொன்ன விதிக்கு வெளியே நிற்கிறது. சிவப்புதான், ஆனால் உடனே அணைத்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, வண்டி பேட்டரியில் மிச்சம் இருக்கும் கரண்ட்டில் ஓடுகிறது என்று பொருள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். ஏறாவிட்டால் 12ஐ நோக்கி இறங்கிக்கொண்டே வரும். ஏ.சி., பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அணைக்காமல் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சில இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பேட்டரி விளக்கோடு ஹீட்டும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது. அப்போது நிறுத்தியே ஆக வேண்டும்.

பிரேக். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பு. ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் அணையவில்லை என்றால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாகக் கொஞ்சம் இறங்கும், அதனால் சில நேரம் இது பேட் மாற்றச் சொல்லும் அறிகுறி. ஆனால் கசிவாகவும் இருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாது. பெடலை மிதித்துப் பாருங்கள். வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ பஞ்சுபோல் இருந்தாலோ வண்டியை நகர்த்தவே கூடாது. இதே சிவப்போடு ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை மோசம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் போய்விட்டிருக்கலாம். அழுத்திப் பிடித்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். மஞ்சள் ஏ.பி.எஸ். மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், மழை ரோட்டில் வழுக்காமல் காக்கும் வேலை மட்டும் நடக்காது. மெதுவாகப் போய்க் காட்டலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் இந்த விளக்கு இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது.

ஏலகிரி போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் எழுதிய பலகைகளைக் குழந்தைகள் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவார்கள், பார்க்க அழகாக இருக்கும். இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தால் சக்கரம் சூடேறி பிரேக் ஆயில் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் ஜாதி. டாட் 3 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், பெடல் மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. இதற்கு எந்த விளக்கும் எரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றிவிட்டு, ஏறின கியரிலேயே இறங்குங்கள். எங்கள் அண்ணா, துணி கருகுகிற மாதிரி ஒரு எரிந்த நாற்றம் வந்தாலே நிறுத்திவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார்.

மஞ்சள் விளக்குகளில் அதிகம் பேரைக் குழப்புவது இன்ஜின் படம் போட்ட செக் இன்ஜின் விளக்கு. நிலையாக எரிந்தால் பதற வேண்டாம். வண்டி ஓடுகிற விதத்தில் வித்தியாசம் இல்லையென்றால் ஓட்டிக்கொண்டு போய் ஓரிரு நாளில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். விட்டு விட்டுக் கண்சிமிட்டினால் அது வேறு கதை. ஏதோ ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் விழாமல் பெட்ரோல் எரியாமலேயே சைலன்சர் பக்கம் போகிறது. அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேனடை மாதிரியான பாகத்தையே உருக்கிவிடும். ஒரு ஸ்பார்க் பிளக்கோ காயிலோ மாற்றிச் சரியாகியிருக்க வேண்டிய வேலை பெரிய செலவாக மாறுவது இப்படித்தான். கண்சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகினால் பி 0301 என்றோ பி 0420 என்றோ ஒரு எண் வரும், மெக்கானிக்குகள் அதைக் 'கோடு' என்பார்கள். முதலாவது, ஒன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. இரண்டாவது, கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரி ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: ஸ்கேனர் காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், எதனால் காய்ச்சல் என்று சொல்லாது. பி 0420 வந்தவுடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் கொஞ்சம் நிதானியுங்கள். ஆக்சிஜன் சென்சாரோ சைலன்சர் ஜாயின்ட்டில் கசிவோகூட அதே எண்ணைக் கொடுக்கும். கோடு என்ன வந்தது, அதை வைத்து எதை எதைச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார், சந்தோஷமாக உட்காரவைத்துச் சொல்வார். வெறுமனே பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துக் கொடுப்பவரிடம் திரும்பப் போகாதீர்கள். விளக்கு அணைந்தது, கோளாறு அப்படியே இருக்கிறது.

மழைக்காலத்தில் எலியும் ஒரு காரணம். வயல் ஓரத்தில் நிறுத்தும் வண்டிகளில் பானெட்டுக்குள் ஏறி சென்சார் வயரைக் கடித்துவிடும். புகையிலைக் கட்டு வைக்கிறார்கள், சில நாள் பலன் தருகிறது. இரண்டு நாளுக்கு மேல் நிற்கிற வண்டியின் பானெட்டைத் திறந்து பார்ப்பது அதைவிடப் பலன் தரும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு விளக்கு சேர்ந்திருக்கிறது. பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக, புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி. அதில் சேரும் கரி 600 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் எரிந்து சுத்தமாகும். காந்தி நகரிலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து காந்தி நகருக்கு என்று மட்டும் ஓடும் டீசல் காரில் அந்தச் சூடு வரவே வராது. இந்த விளக்கு மட்டும், வேறு எதுவும் எரியாமல் வந்தால், புத்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் நிற்காமல் இருபது நிமிடம் போல் சீராக ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். பள்ளிகொண்டா வரை போய்த் திரும்பினால் போதும். தினமும் நாலைந்து கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்பவர்கள் டீசல் வாங்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

ஏர்பேக் விளக்கைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். ஓட்டுவதில் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால், மற்ற எல்லா விளக்கையும் விட இதைத்தான் மாதக்கணக்கில் எரியவிட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். அது எரிந்தால், மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். சீட்டுக்கு அடியில் போகும் மஞ்சள் நிற இணைப்பு, சுத்தம் செய்யும்போது லூசாகி இருக்கலாம். ஸ்டியரிங்குக்குள் சுருளாக இருக்கும் கேபிள் அறுந்திருக்கலாம். தெரிந்தவர் மட்டுமே கை வைக்க வேண்டிய இடம் அது. டிரைவர் பக்கம் ஏர்பேக்கும் சீட் பெல்ட் நினைவூட்டும் சத்தமும் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் கட்டாயமாயின. அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்காகப் பெல்ட் போடாமல் பக்கிளில் மட்டும் செருகிவிடும் கிளிப்புகள் விற்பனைக்கு வந்தன. 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளை அவற்றை நீக்கச் சொன்னது. இன்னும் பல வண்டிகளில் பார்க்கிறேன். பெல்ட் போடாத உடம்பு முன்னால் பாயும் நேரத்தில் எதிரே ஏர்பேக் வெடித்து விரிந்தால் அதுவே காயப்படுத்தும். பெல்ட்டோடு சேர்ந்து காப்பாற்றத்தான் ஏர்பேக் இருக்கிறது. எங்கள் வண்டியில் அந்தக் கிளிப்பைக் கண்டால் அப்போதே பிடுங்கிக் குப்பையில் போடுவேன்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் மேலே சொன்ன சாவிச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் அணைக்கச் சொல்லி, இன்ஜின் ஆறிய பிறகு நீங்களே சாவி போடுங்கள். செக் இன்ஜினும் ஏர்பேக்கும் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைத் துண்டித்திருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போனால், கோடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும். அதற்கு அவர் கேட்கும் காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கடைசியாக, வாடகைக் காரில் பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்கு. டிரைவர் சிவப்பைப் பார்த்து ஓரங்கட்டினால் அவரோடு சண்டை போடாதீர்கள். இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, ரோட்டோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். வண்டிக்குள்ளேயோ வண்டிக்குப் பின்னாலோ நிற்காதீர்கள். அவர் நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைக்கட்டும். நெடுஞ்சாலையில் அது ஐம்பது மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் மாற்று வண்டி வருமா என்று புக் செய்யும்போதே ஓனரிடம் கேட்டு வையுங்கள். வரும் என்று சொல்கிறவரிடம் வண்டி எடுங்கள். விளக்கு எரிந்து நிற்கும் நேரத்துக்கு எங்கள் டிராவல்ஸில் வெயிட்டிங் சார்ஜ் போடுவதில்லை.